பீட் நில ஓடைகளில் கரைந்துவரும் கார்பன்: கேள்வி பதில்

(பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்கு நீர்வேதியியல் அறிந்த உறுப்பினரின் பதில்கள்.)

அல்சூர்: ஊட்டிப் பக்கம் சில ஓடைகளில் தண்ணீர் பழுப்பாக ஓடுகிறதே, சாக்கடையா மேடம்?

அடியில் கிடக்கும் கல் தெரிகிறதா பாருங்கள். தண்ணீர் தெளிவாக, கட்டன் சாயா நிறத்தில் இருந்தால் அநேகமாகத் தாவர மட்கின் சாறு. கலங்கலாக இருந்தால் மண். நீலகிரியின் உயரமான பள்ளத்தாக்குகளில் பீட் என்ற, மக்காத தாவரப் படிவு உண்டு. நம் இந்திய அறிவியல் கழகத்தின் (ஐ.ஐ.எஸ்.சி.) ஆர். சுகுமார் குழு 1993-ல் அதைக் கொண்டுதான் தென்னிந்தியாவின் பழங்காலப் பருவநிலையைக் கணித்தது.

ஜெயநகர்: பீட்டிலிருந்து கார்பன் எப்படி ஓடைக்கு வருகிறது?

பீட் என்பது நீர் நிறைந்த நிலத்தில் முழுக்க மக்காமல் சேர்ந்த தாவரக் குவியல். உலக நிலப்பரப்பில் 3 சதவீதம்தான். அதற்குள் சுமார் 50,000 கோடி டன் கார்பன். ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை, நீர் நகர்வதும் மிக மெதுவு. வேனிலில் நீர்மட்டம் இறங்கும்போது மேலடுக்கில் காற்று புகுந்து, நுண்ணுயிர்கள் மட்கை உடைக்கும். அப்படி உருவாகும் ஹியூமிக், ஃபுல்விக் என்ற கரிம அமிலங்கள் பீட்டின் துளைகளில் நிற்கும் நீரில் சேரும். அடுத்த மழையில் நீர்மட்டம் மேலடுக்கைத் தொட்டதும், அங்கேதான் நீர் வேகமாக நகரும் என்பதால், மொத்தமும் ஓடைக்கு அடித்துவரும். 0.45 மைக்ரான் வடிகட்டியைக் கடப்பதைத்தான் கரைந்த கரிமக் கார்பன், சுருக்கமாக டிஓசி, என்கிறோம்.

ஒயிட்ஃபீல்டு மாணவர்: மாதிரி எடுப்பது எப்படி?

முதலில் நீரோட்டத்தை அளக்க வழி செய்யுங்கள் தம்பி. அது இல்லாமல் வெறும் செறிவால் பயனில்லை. லிட்டருக்கு 20 மி.கி. டிஓசி, வினாடிக்கு 50 லிட்டர் ஓட்டம் என்றால் நாளுக்கு 86.4 கிலோ கார்பன். மழையில் ஓட்டம் பத்து மடங்காகிச் செறிவு பாதியானாலும் 432 கிலோ! வாரம் ஒருமுறை வெயில் நாளாகப் பார்த்துப் போனால் இது கணக்கிலேயே வராது.

சவ்வு வடிகட்டியே கார்பன் கசியும். அதனால் முதலில் வரும் வடிநீரைக் கொட்டிவிடுங்கள். அன்றைக்கே வடிகட்டி, 450 டிகிரியில் சுட்டெடுத்த கண்ணாடிக் குப்பியில், இருட்டில், 4 டிகிரியில் வையுங்கள். உறைய வைக்காதீர்கள். ஹியூமிக் பொருள் திரண்டுவிடும், உருக்கினாலும் முழுசாகக் கரையாது, அளவு குறைத்துக் காட்டும். கார்பன் அளக்கும் கருவியில் ஏற்றுமுன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்கு இறக்கி, வாயு ஊதிக் கார்பனேட் போன்ற கனிமக் கார்பனை வெளியேற்றுங்கள். 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி உறிஞ்சலை மட்டும் அளந்து டிஓசி என்று எழுதக்கூடாது; பீட் நீரில் இருக்கும் இரும்பும் அங்கே உறிஞ்சும்.

கே.ஆர்.புரம்: பெல்லந்தூர் ஏரி நுரைக்கும் இதுதான் காரணமா?

இல்லை. அது கழிவுநீரும் சோப்புப் பொருளும்.

மாரத்தஹள்ளி: நம் காவிரிக் குழாய்த் தண்ணீரில் நீலகிரி பீட் கலக்கிறதா?

கலக்க வழியில்லை. நீலகிரி நீரைக் கொண்டுவரும் மாயாறும் பவானியும் பவானிசாகர் வழியாகப் போய், பெங்களூருக்கு நீர் எடுக்கும் இடத்துக்கு வெகு கீழேதான் காவிரியில் சேர்கின்றன.

ஹெப்பாள்: பிரிட்டன் ஓடைகளில் டிஓசி ஏறியதற்குப் புவி வெப்பமாதல்தானே காரணம்? 2001-ல் நேச்சர் இதழிலேயே வந்ததே!

வந்தது. 12 ஆண்டுகளில் 65 சதவீத ஏற்றம் என்ற அளவீட்டில் தகராறில்லை, காரணத்தில்தான் தகராறு. அந்தக் காலத்தில் ஏறிய வெப்பம் அவ்வளவு பெரிய மாற்றத்துக்குப் போதாது. 2007-ல் அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வு, வட அமெரிக்கா, வட ஐரோப்பாவின் 522 ஏரி, ஓடைகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆலைப் புகையின் கந்தகத்தால் மழையில் வரும் சல்ஃபேட் குறைந்த இடங்களில்தான் டிஓசி ஏறியிருந்தது. காரணம் இது: அமில மழை விழும்போது கரிம மூலக்கூறுகளில் உள்ள கார்பாக்ஸில் என்ற அமிலத் தொகுதிகள் ஹைட்ரஜனைப் பிடித்து மின்சுமையை இழக்கின்றன. அதனால் அந்த மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு பீட்டிலேயே தங்குகின்றன. ஆலைப் புகையில் கந்தகம் குறைந்ததும் மறுபடி கரைகின்றன.

ஹெப்பாள், மறுபடியும்: வறட்சிக்குப் பின் டிஓசி எகிறுகிறதே, அது வெப்பத்தால் இல்லையா?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். வறட்சியின்போதே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பீட்டிலுள்ள கந்தகம் ஆக்சிஜன் பட்டுச் சல்ஃபூரிக் அமிலமாகிறது, அதனால் டிஓசி இறங்குகிறது. அமிலம் கழுவப்பட்ட பிறகே எகிறுகிறது. இதுவும் அமிலத்தின் பக்கமே சாட்சி. பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதில் வெப்பத்துக்குப் பெரிய பங்குண்டு, அதை மறுக்கவில்லை. சல்ஃபேட் இனிமேல் குறைய இடமில்லாத நிலைக்கு வரும்போது வெப்பமும் மழையும்தான் முன்னுக்கு வரும்.

பனசங்கரி: பழுப்புத் தண்ணீரைக் குடிக்கலாமா?

நிறத்தைப் பற்றி அல்சூர்க்காரருக்குச் சொல்லியாயிற்று. நேரடியாகக் குளோரின் மட்டும் போடாதீர்கள்; டிஓசியோடு சேர்ந்து குளோரோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன்கள் உருவாகும். படிகாரம் போட்டுத் திரட்டி வடித்த பிறகே குளோரின்.

இந்திராநகர்: வடிகால் வெட்டிய பீட்டில் வாய்க்காலை அடைத்தால் டிஓசி குறையுமா?

சில இடங்களில் குறைந்தது, சில இடங்களில் மாற்றமே இல்லை. செறிவு மாறாவிட்டாலும் வெளியேறும் நீர் குறைந்தால் மொத்தக் கார்பன் குறையும். அதனால்தான் மறுபடி சொல்கிறேன், ஓட்டத்தை அளங்கள். அடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவின் களிமந்தான் இருக்கிறது. காடழித்து வடிகால் வெட்டிய பீட்டிலிருந்து, தொடாத காட்டைவிட ஒன்றரை மடங்கு கரிமக் கார்பன் ஓடுகிறது. அதுவும் நூற்றாண்டுகளாக ஆழத்தில் கிடந்த பழைய கார்பன் என்று ரேடியோகார்பன் அளவீடு காட்டியது.