கழிவுக் குழாயை மாற்ற வேண்டுமா, அடைப்பெடுத்தால் போதுமா? திருகோணமலை வீடுகளுக்கான கேள்வி பதில்

ஐப்பசி பிறந்தால் இந்தக் கேள்விகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்துப் பதில் எழுதுகிறேன். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் கொமட்டிலிருந்து மேன்ஹோல் (குழாயைத் திறந்து பார்க்கும் மூடி போட்ட குழி) வழியாகச் செப்டிக் டாங்குக்கும், அங்கிருந்து சோக்கேஜ் குழிக்கும் (தண்ணீர் மண்ணுக்குள் ஊறிப்போகும் குழி) தண்ணீர் போகும். நான் குழாய் என்று சொல்வது வீட்டுக்கும் டாங்குக்கும் இடையில் மண்ணுக்குள் கிடக்கும் குழாயை.

உப்புவெளியிலிருந்து ஒரு அக்கா: ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை அடைப்பெடுத்தாச்சு. பிளம்பர் முழு லைனையும் கிண்டி மாற்றச் சொல்கிறார். சரியா?

அக்கா, மூன்று தடவையும் ஒரே இடத்தில்தான் அடைத்ததா என்று முதலில் பாருங்கள். ரொட் (அடைப்பெடுக்கும் நீளக் கம்பி) விடும்போது எத்தனை அடியில் தட்டுகிறது என்று அதில் ஒரு டேப் துண்டு சுற்றி அடையாளம் வைத்தால் தெரிந்துவிடும். இடம் மாறி மாறி அடைத்தால் குழாய்க்குள் போடக்கூடாத பொருள் ஏதோ போகிறது: ஈரத் துடைப்பான், பேபி பம்பஸ், குசினி எண்ணெய். ஒரே இடத்தில் என்றால் அந்த இடத்தில் குழாய்க்கே ஏதோ நடந்திருக்கிறது.

அடுத்தது மணல். மேன்ஹோலின் அடியில் இருப்பதை ஒரு கரண்டியால் அள்ளி, வாளித் தண்ணீரில் கலக்கி ஊற்றிப் பாருங்கள். கடற்கரைக்குப் போய் வந்து கால் கழுவும் மணல் குளியலறைக் குழாய் வழியாக வரும், அதில் பயமில்லை. ஆனால் கொமட் தண்ணீர் மட்டும் வருகிற மேன்ஹோலில் சுத்தமான வெள்ளை மணல் படிந்திருந்தால், பொருத்து விட்டுப்போயிருக்கிறது அல்லது குழாய் வெடித்திருக்கிறது. மணல் நிலத்தில் இதைவிட உறுதியான அடையாளம் எனக்குத் தெரியாது. உள்ளே வந்த மணல் குழாயின் அடியிலிருந்து வந்த மணல். அடியில் வெறுமையாக, குழாய் தாழும்; தாழ்ந்த இடத்தில் கழிவு தங்கும்; மறுபடி அடைக்கும். இதற்கு ரொட் தீர்வில்லை, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் முழு லைனையும் கிண்ட ஏன் அவசரம்? பழுது எந்த இரண்டு மேன்ஹோலுக்கு இடையில் என்று கண்டுபிடித்து அந்த இடைவெளியை மட்டும் மாற்றுங்கள். மற்றப் பகுதிகளையும் சோதித்துப் பார்த்தபிறகுதான் முழு லைன் என்ற பேச்சு.

அலஸ்தோட்டத்துத் தம்பி: அண்ணா, மாரிக்கு மட்டும் கொமட் இறங்க மறுக்கிறது. சித்திரை, வைகாசியில் ஒரு பிரச்சினையும் இல்லை.

தம்பி, குழாயில் கை வைக்காதீர்கள். மாரியில் உங்கள் பக்கம் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும், சோக்கேஜ் குழி குடிக்காது. டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே வரும் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் பிரச்சினை டாங்கிலோ சோக்கேஜ் குழியிலோதான். டாங்கில் மட்டம் சரியாக இருந்தும் மேன்ஹோல் நிரம்பி நின்றால் அப்போது குழாயைச் சந்தேகப்படலாம்.

இன்னொன்று: விடியற்காலை, வீட்டில் ஒருவரும் தண்ணீர் திறக்குமுன், டாங்குக்குப் பக்கத்து மேன்ஹோலைத் திறந்து பாருங்கள். மேலே ஒழுகும் டாப்போ சிஸ்டனோ இல்லாமல் தெளிந்த தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டிருந்தால், நிலத்து நீர் குழாய்க்குள் நுழைகிறது. அப்படியென்றால் நான் மேலே சொன்னதை மாற்றிக்கொள்ள வேண்டும், குழாயும் பழுது.

நிலத்தில் புதைத்த பிளாஸ்டிக் டாங்க் என்றால் பெருமழைக்குள் பவுசர் (கழிவு உறிஞ்சும் வாகனம்) பிடித்து அடியோடு உறிஞ்ச வேண்டாம். வெறும் டாங்கை நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடும், பொருத்தியிருக்கும் குழாயும் முறியும்.

உவர்மலை ஐயா ஒருவர்: அப்பா காலத்து வீடு, சுட்ட மண் குழாய். வயதை வைத்தே மாற்றிவிடலாமா?

ஐயா, சுட்ட மண் குழாய் நன்றாகச் சுடப்பட்டிருந்தால் உங்களையும் என்னையும் தாண்டி இருக்கும். பலவீனம் பொருத்துகளில். துண்டுகள் சிறியவை என்பதால் பொருத்துகள் அதிகம். சிமெந்து வெடித்த இடத்தில் வேர் புகும். உங்கள் பக்கம் பாறையும் உண்டு. குழாய் பாறை முனையில் நேரடியாகக் குந்தியிருந்தால் அந்த இடத்தில் கீறல் விழும்.

வெயிலான நாளில் ஒரு மேன்ஹோலில் டோர்ச் பிடிக்கச் சொல்லி, மற்றதில் ஒரு சிறிய முகக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. மேற்பாதி மட்டும் தெரிந்தால் நடுவில் தாழ்ந்து தண்ணீர் நிற்கிறது. நார் நாராகத் தொங்கினால் வேர். வளவில் பூவரசோ வேம்போ குழாய்க்குக் கிட்ட நின்றால், வேரை வெட்டி எடுத்தாலும் அடுத்த மாரிக்குள் திரும்பி வரும். அந்தப் பகுதியைப் பிவிசிக்கு மாற்றுவதே நல்லது. இடம்பெயர்ந்து பல வருடம் பூட்டிக் கிடந்த வீடுகளுக்குத் திரும்பிய ஆக்களும் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஆளில்லாத காலத்தில் வேர் நிறையவே புகுந்திருக்கும்.

அடைப்பில்லை, நாற்றம் மட்டும். மாற்ற வேண்டுமா?

வேண்டாம். பாவிக்காத குளியலறையின் ட்ராப்பில் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் வளைவு) தண்ணீர் வற்றியிருக்கும், ஒரு வாளி ஊற்றுங்கள். போகாவிட்டால் கொமட் அடியில் உள்ள பொருத்தையும் வென்ட் பைப்பையும் (வாயு மேலே போகும் குழாய்) பாருங்கள்.

அமிலம் ஊற்றினால் அடைப்பு போகுமா?

ஊற்றாதீர்கள். வேருக்கும் மணலுக்கும் அது ஒன்றும் செய்யாது. டாங்கில் கழிவை உக்க வைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும், பழைய சிமெந்துப் பொருத்தையும் அரிக்கும்.

பாலையூற்றுத் தங்கச்சி: கிணற்றுத் தண்ணீர் கொஞ்ச நாளாக ஒரு மணம். குழாய் கிணற்றுக்குப் பக்கத்தால் போகிறது.

தங்கச்சி, இன்றைக்கே குடிப்பதை நிறுத்துங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கழிவிலிருந்து கலக்கும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது. பால்மா கரைத்துக் கொடுக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் இது மிக முக்கியம். பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லித் தண்ணீரைப் பரிசோதிக்க வழி கேளுங்கள். கிணறு சம்பந்தப்பட்டால் நான் தயங்கவே மாட்டேன்: அந்தக் குழாயை எடுத்துவிட்டுக் கிணற்றை விட்டு விலகிய வழியில் புதிதாகப் போடுங்கள். டாங்கும் சோக்கேஜ் குழியும் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது இங்கு பழகிய கணக்கு. மணல் நிலத்தில் அதற்கும் மேல் இருந்தால் நல்லது.

சாம்பல்தீவு அண்ணா: டைல்ஸ் உடைக்குமுன் நிச்சயமாகத் தெரிய வேண்டும். கமரா விடுகிற ஆள் கிடைக்கவில்லை.

அண்ணா, தண்ணீர் வைத்தே பார்க்கலாம். கீழ் மேன்ஹோலுக்குள் வரும் குழாய் வாயை மணல் கட்டிய பொலித்தீன் பையால் இறுக்கி அடையுங்கள். பையில் ஒரு கயிறு கட்டுங்கள், இல்லாவிட்டால் பிறகு இழுத்தெடுக்க முடியாது. மேல் மேன்ஹோலில் குழாய் மூடும்வரை தண்ணீர் விடுங்கள். மேன்ஹோல் சுவரும் கொஞ்சம் குடிக்கும், அதனால் அரை மணித்தியாலம் பொறுத்து, மட்டத்தை நிரப்பி, சோக்கால் கோடு போடுங்கள். அடுத்த அரை மணியில் கோட்டை ஒட்டியே நின்றால் குழாய் நல்லது. கண் முன்னே இறங்கினால், டைல்ஸுக்காகக் கவலைப்பட்டுப் பயனில்லை.

மூதூரிலிருந்து: டாங்குக்குள் ஆளை இறக்கித் துப்புரவாக்கலாமா?

ஒருபோதும் வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைட்டு வாயு செறிவு கூடினால் மூக்குக்கே மணம் தெரியாமல் போய்விடும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் நாட்டுக்கு நாடு உண்டு. பவுசர் மட்டும். மூடி திறந்திருக்கும் நேரம் பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது, பீடி சிகரெட்டும் கூடாது.

புதுக் குழாய் போட்டாச்சு. மேசன் இன்றே மூடச் சொல்கிறார்.

மூட விடாதீர்கள். நாலு அங்குலக் குழாய்க்குப் 10 அடிக்கு 3 அங்குலம் சரிவு இருக்கிறதா என்று மட்டக்குழாய் பிடித்துப் பாருங்கள். 90 பாகை எல்போ போட்டிருந்தால் அதைக் கழற்றி இரண்டு 45 போடச் சொல்லுங்கள். அடியில் கல்லில்லாத மணல் பரப்பியிருக்க வேண்டும். வாகனம் ஏறும் இடத்தில் மேலே கொங்கிறீட் வேண்டும். மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையைக் குழி திறந்திருக்கும்போதே செய்யுங்கள். சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று டேப் பிடித்து ஒரு படமும் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் மூடலாம்.