மோல்டன் தளத்தில் டெசார்க் தேற்றம் ஏன் பொய்க்கிறது?

வணக்கம். சில கோடுகள் ஒய் அச்சில் ஒடியும் மோல்டன் தளத்தில் (−1, 3), (1, 0) ஆகிய புள்ளிகளை இணைக்கும் கோட்டைக் கணக்கிட்டபோது முரண்பாடு வந்ததாகவும், அங்கே டெசார்க் தேற்றம் ஏன் பொய்க்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அக்கோடு ஒய் அச்சை, சாதாரணத் தளத்தில் போல, 1.5இல் வெட்டும் என்று எடுத்துக்கொண்டதால்தான் உங்கள் கணக்கு முரண்படுகிறது. குறை எண் சாய்வுள்ள கோடு அந்த அச்சைக் கடந்ததும் வலப்புறத்தில் அதன் சாய்வு இருமடங்காகும் என்பதே 1902இல் கணிதவியலாளர் மோல்டன் வகுத்த விதி. எனவே அக்கோடு அச்சை 2இல் வெட்டி, இடப்புறம் −1, வலப்புறம் −2 என்ற சாய்வுகளுடன் செல்லும்.

இரண்டு முக்கோணங்களின் ஒத்த முனைகளை இணைக்கும் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சந்தித்தால், ஒத்த பக்கங்கள் வெட்டும் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் அமையும் என்பதே டெசார்க் தேற்றம். அது பொய்ப்பதைக் காண, அதில் வரும் பத்துப் புள்ளிகளில் (ஆறு முனைகள், சந்திப்புப் புள்ளி, மூன்று வெட்டுப்புள்ளிகள்) ஒன்றை மட்டும் அச்சின் வலப்புறத்தில் அமைத்து, அங்கே கூடும் மூன்று கோடுகளில் ஒன்றுக்கு மட்டும் குறை எண் சாய்வு இருக்குமாறு வரையுங்கள். மற்ற இரண்டும் வளையாமல் அங்கே சந்திக்க, மூன்றாவது கோடு அச்சில் ஒடிந்து அப்புள்ளியைத் தவறவிடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மொத்தமுள்ள பத்துக் கோடுகளில் எஞ்சிய ஏழின் புள்ளிகள் எல்லாம் இடப்புறத்திலேயே இருப்பதால் அவற்றைச் சரிபார்க்கவே வேண்டியதில்லை, இந்த நிறுவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முப்பரிமாண வீழ்ப்பு வெளிக்குள் (இணைகோடுகளும் முடிவிலியில் சந்திப்பதாகக் கொள்ளும் வெளி) அமையும் எந்தத் தளத்திலும் இத்தேற்றம் உண்மையாகிவிடும் என்பதால், மோல்டன் தளத்தை அத்தகைய வெளிக்குள் பொருத்தவும் இயலாது.