டிப்ளமோ முடிக்கும் மகனுக்கு எந்தப் பிரிவு? முதலில் அந்த நகைக் கடனைப் பேசுவோம்

கேள்வி: ஈரோடு பக்கம் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் வேலை. கைக்கு 32,000 ரூபாய் வருகிறது. மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி செமஸ்டர், 78 சதவீதம். கணக்குப் பேப்பர் ஒன்று மட்டும் இரண்டாவது முறையில்தான் பாஸ் ஆனது. நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்க்க ஆசை. ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் படித்தால்தான் எதிர்காலம் என்று என் மைத்துனர் (மனைவியின் தம்பி) தெரிந்த கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார். தனியாக 1.5 லட்சம் கொடுக்க வேண்டும். கட்டணம், ஹாஸ்டல் சேர்த்து வருடத்துக்கு 2.05 லட்சம். முதல் பட்டதாரி சலுகையும் வாங்கிவிடலாம் என்கிறார். நான்கு வருடம் முன்பு அவர் தொழிலுக்காக 12 பவுனை வங்கியில் 2.8 லட்சத்துக்கு வைத்துக் கொடுத்தேன். வருடா வருடம் தவறாமல் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறேன், இப்போது 4.5 லட்சம் நிற்கிறது. மீதி 8 பவுனையும் வைத்துச் சீட்டை முடிக்கலாமா? மகள் பி.காம். முடித்து வேலைக்குப் போகிறாள்.

பதில்: தவறாமல் வட்டி கட்டியவருக்கு 2.8 லட்சம் எப்படி 4.5 லட்சம் ஆகும்?

நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் திருப்பி வைக்கும்போது தங்கம் விலை ஏறியிருக்கும். அதே நகைக்கு வங்கி கூடுதலாகக் கொடுத்திருக்கும். அந்தக் கூடுதல் பணத்திலேயே பழைய வட்டியைக் கழித்துக்கொண்டு புதுக் கார்டு போட்டிருப்பார்கள். உங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் போயிருக்காது. 9 சதவீதம் என்று வையுங்கள். முதல் வருட வட்டி 25,200. அது அசலில் சேர்ந்து 3.05 லட்சம், அடுத்த வருடம் 3.33, பிறகு 3.63, நான்காம் வருடம் 3.95. மீதி 55,000 ரூபாயை நடுவில் ஏதோ ஒரு செலவுக்கு மேல்தொகையாக வாங்கியிருப்பீர்கள். நீங்கள் வட்டி கட்டவில்லை ஐயா, வட்டியையும் கடனாக வாங்கியிருக்கிறீர்கள். தங்கம் ஏறுகிறவரை இது வலிக்காது. திருப்பி வைக்கிற மாதத்தில் விலை இறங்கியிருந்தால் வித்தியாசத்தை ரொக்கமாக எடுத்து வை என்பார்கள். இந்த நிலையில் எட்டுப் பவுனையும் அதே வழியில் அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது.

மைத்துனரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய 2.8 லட்சத்தில் அவர் எவ்வளவு திருப்பித் தந்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. எழுத ஒன்றும் இல்லை போலும். அவர் சொல்லும் முதல் பட்டதாரி சலுகை உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அக்கா பி.காம். முடித்துவிட்டாள் என்றால் தம்பி முதல் பட்டதாரி ஆக முடியாது. அப்படியே ஆனாலும் அந்தச் சலுகை கலந்தாய்வில் சேருகிறவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இல்லை. "தனியாகக் கொடுக்கும்" 1.5 லட்சத்துக்கு ரசீதும் வராது. அப்படி வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். ரசீது இல்லாத பணத்தை எந்த வங்கியும் கல்விக் கடனில் சேர்க்காது. அதனால்தான் உங்கள் நகையைத் தேடுகிறார்கள்.

இனி பிரிவு. ஏஐ மேல் எனக்குக் கோபமில்லை, பெயர்ப்பலகை மாற்றி வைத்த வகுப்புகள் மேல்தான் சந்தேகம். ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் சிக்கல் வேறு. நேரடி இரண்டாம் ஆண்டு என்றால் மூன்றாவது செமஸ்டரில் போய் உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகளில் மற்ற பிள்ளைகள் முதல் வருடத்திலேயே பைத்தான், சி எல்லாம் முடித்திருப்பார்கள். இவன் லேத்திலும் ட்ராயிங்கிலும் மூன்று வருடம் இருந்துவிட்டு, டேட்டா ஸ்ட்ரக்சரும் டிஸ்கிரீட் மேத்ஸும் நடக்கிற இடத்தில் நுழைவான். எந்தப் பிரிவில் டிப்ளமோ படித்தவரும் எந்தப் பிரிவிலும் சேரலாம், கல்லூரி பிரிட்ஜ் கோர்ஸ் (விட்டுப்போன பாடங்களை ஈடுகட்டும் வகுப்பு) நடத்தட்டும் என்று தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ சொல்வது வாஸ்தவம். அந்த வகுப்பு எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதை அங்கே படிக்கும் டிப்ளமோ பையன்களிடம் கேட்டால் தெரியும். கணக்கில் ஒருமுறை தடுக்கியவனுக்கு அரியர் விழுந்தால், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் பல பட்டியலிலேயே சேர்க்காது.

மெக்கானிக்கலிலும் மூன்றாவது செமஸ்டரில் கணக்கு உண்டு, அதுவும் கடிக்கும். இந்தக் கோடை விடுமுறையில் யாரிடமாவது டியூஷன் வைத்து இன்டக்ரேஷனைத் தேற்றிவிடட்டும். ஆனால் தெர்மோ, மேனுஃபேக்சரிங் போன்றவை டிப்ளமோவில் பார்த்தவைதான். அந்த நேரத்தைக் கணக்குக்குக் கொடுக்கலாம். மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரமும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்த பிரிவு) கிடைத்தால் இன்னும் நல்லது. உங்கள் மில்லில் நூல் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரம் நின்றுபோனால் யாரைத் தேடுகிறீர்கள்? இயந்திரமும் தெரிந்து, அதை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியும் பார்க்கத் தெரிந்தவரைத்தானே. கோயம்புத்தூர் முதல் ஓசூர் வரை அந்த ஆளுக்கு வேலை இருக்கிறது. டேட்டா மேல் பையனுக்கே ஆசை இருந்தால், பைத்தானை இதன் பக்கவாட்டில் படித்துக்கொள்ளட்டும். (பையனுக்கு என்ன ஆசை என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.)

சேர்கிற வழி, நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்வு. பல ஆண்டுகளாகக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்தி வருவது. ஈரோடு, சேலம் அரசு பொறியியல் கல்லூரிகளை முதல் விருப்பமாகப் போடுங்கள். கிடைத்தால் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் தனியார் கல்லூரி. அரசு ஒதுக்கீட்டுக் கட்டணம் 55,000 என்று வைத்து, பஸ், தேர்வு, புத்தகம் எல்லாம் சேர்த்தால் மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 2.5 லட்சம். மைத்துனர் வழியில் 7.65 லட்சம்.

இந்த 2.5 லட்சத்துக்குக் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் இல்லை. உங்கள் கைக்கு வரும் சம்பளம் வருடத்துக்கு 3.84 லட்சம். பிடித்தங்களுக்கு முந்தைய குடும்ப வருமானமும் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தாசில்தார் வருமானச் சான்றிதழோடு விண்ணப்பித்துத் தவணை இல்லாத அந்த வருடங்களின் வட்டியை மத்திய அரசின் மானியத் திட்டத்திலேயே பெறலாம். கல்லூரிக்கு நாக் அல்லது என்பிஏ (கல்லூரி, படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்புகள்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் விருப்பப் பட்டியல் போடும்போதே பாருங்கள். பிறகு 10 சதவீதத்தில் ஏழு வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 4,150. அதுவே 7.65 லட்சத்துக்கு 12,700. முதல் வேலையில் இருபதாயிரம் வாங்கப்போகும் பையனுக்கு எது தாங்கும் என்று நீங்களே பாருங்கள். "கட்டணத்தை வட்டியில்லாத் தவணையில் கட்டலாம்" என்று சில செயலிகள் வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள். பிராசஸிங் கட்டணம் என்ற பெயரில் வட்டி அதற்குள்ளேயே இருக்கும்.

பி.இ. இந்த வருடமே சேர வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஒரு வருடம் அப்ரண்டிஸாகப் போய் உதவித்தொகை வாங்கிவிட்டு, வேலையில் இருந்தபடி கோவையில் மாலை நேர பி.இ. படிக்கிற டிப்ளமோக்காரர்கள் நிறையப் பேர். பையனிடம் கேட்டுப் பாருங்கள்.

அடகில் இருக்கும் 12 பவுனுக்கு வருவோம். மாதம் 8,000 அந்தக் கணக்கிலேயே கட்டுங்கள்; பகுதியாகக் கட்டினால் வங்கி வாங்கிக்கொள்ளும். இப்போதைய வட்டி மட்டுமே மாதம் 3,375, மீதி அசலில் போகும். மகன் படிப்பு முடியும்போது கடன் 2.6 லட்சம் அளவுக்கு இறங்கியிருக்கும். மகள் சம்பளத்தில் கை வைக்காதீர்கள், அவளுக்கு வேறு செலவு வருகிறது. 8,000 முடியாது என்றால் நான்கைந்து பவுனை மீட்டு விற்றுவிடுங்கள். இன்றைய விலைக்குக் கடனில் பாதிக்கு மேல் தீரும். விற்பது கௌரவக் குறைவு என்று தோன்றும், ஆனால் நான்கு வருடமாக அந்த நகையை யாரும் போட்டுக்கொள்ளவில்லையே. எதைச் செய்தாலும் உங்கள் மனைவியைக் கேட்டுச் செய்யுங்கள். நகை அவருடையது, கடன் வாங்கியவர் அவர் தம்பி. பழைய பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்க உங்களைவிட அவருக்குத்தான் உரிமை அதிகம்.

கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிட்டீர்களா என்று தெளிவாக இல்லை. கொடுத்திருந்தால் இந்த வாரமே போய் ரசீது கேளுங்கள். தரவில்லையென்றால் பணத்தைத் திரும்ப வாங்கி வருவது மைத்துனரின் பொறுப்பு.