பெலும் குகைக்குப் போகிறவர்கள் கேட்டவை

கேள்வி: நண்பர்கள் ஏழு பேர். வெள்ளி இரவு சென்னையில் கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். ஆந்திராவில் பெலும் குகை, கண்டிகோட்டா, யாகந்தி, அகோபிலம் நான்கையும் பார்க்கத் திட்டம் போட்டிருக்கிறோம். சரியாக வருமா?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: யாகந்தியையும் அகோபிலத்தையும் இந்த முறை விட்டுவிடுங்கள் தம்பி. நான்கையும் அடைத்தால் பாதிப் பொழுது வண்டியிலேயே போய்விடும். சனிக்கிழமைப் பகல் முழுக்கப் பெலுமுக்கு. ஞாயிறு காலை கண்டிகோட்டாவில் பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு நேரே ஊர் திரும்பலாம். ரயிலில் வருவதானால் தாடிபத்ரியில் இறங்குங்கள். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்.

ஒரு குகைக்கு ஒரு பகலா என்று கேட்பீர்கள். பெரும்பாலான கூட்டங்கள் ஒரு மணி நேரத்தில் உள்ளே போய், செல்ஃபி எடுத்து, வியர்த்து வெளியே வந்துவிடுகின்றன. கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்தியவன் என்பதால் எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. குகையின் நீளம் 3,229 மீட்டர், திறந்துவிட்டிருப்பது சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர். அதை மெதுவாக நடந்து பாருங்கள்.

அங்கே மலையைத் தேடாதீர்கள். சமதரையில் கிணறு மாதிரி ஒரு பள்ளம், அதில் படி இறங்கினால் குகை. கிளம்பும் முன் வீட்டுச் சமையலறையில் கடப்பைக் கல் பலகை இருந்தால் ஒருமுறை பாருங்கள். எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் வெளுத்துப்போய், தடவினால் லேசாகச் சொரசொரக்கும். கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல். புளிப்பு பட்டால் கரையும். பெலும் உண்டானதும் இதே வேலையால்தான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மிக லேசான அமிலமாகி, பாறை இடுக்குகளில் இறங்கி, காலகாலமாகக் கரைத்த வழியில்தான் நீங்கள் நடக்கப்போகிறீர்கள். சுவர்களின் வழவழப்பான வளைவுகளைப் பாருங்கள், டார்ச்சை மேலே அடித்துக் கூரையில் உள்ள குழிகளையும் பாருங்கள். எல்லாம் தண்ணீர் குடைந்தவை. மிக ஆழத்தில், வாசல் மட்டத்திலிருந்து சுமார் 46 மீட்டர் கீழே, பாதாளகங்கையில் இன்னும் நீர் ஓடுகிறது. அங்கே பேச்சை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

இன்னொன்று. 1884-இல் இந்தக் குகையைக் கண்டு எழுதிவைத்தவர் பிரிட்டிஷ் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-இல் உங்கள் வேளச்சேரிக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த அதே மனிதர்தான். நூறு வருடம் கழித்து, 1982 முதல் 84 வரை, டேனியல் கெபாவர் தலைமையில் ஜெர்மானியக் குழு ஒன்று வந்து குகையை விரிவாக ஆராய்ந்தது. பொதுமக்களுக்குத் திறந்தது 2002-இல்.

ஒரு அறையில் தொங்கும் கற்களைத் தட்டினால் சுரம் எழும் என்பார்கள். தட்டாதீர்கள், கையும் வைக்காதீர்கள். சொட்டும் நீரிலுள்ள சுண்ணாம்பு படிந்து படிந்துதான் இந்தக் கற்கள் வளர்கின்றன. நம் கை எண்ணெய் பட்ட இடத்தில் அது சரியாகப் படியாது. மேகாலயாவின் மவ்ம்லு குகையில் அப்படித் தரையிலிருந்து வளர்ந்த ஒரு கல் புற்றை வைத்துத்தான் 4,200 வருடங்களுக்கு முந்தைய பெரும் வறட்சியைக் கணித்து, 2018-இல் ஒரு நிலவியல் காலத்துக்கே ‘மேகாலயன்’ என்று பெயர் வைத்தார்கள். அப்படிப்பட்ட ஆவணத்தை உடைத்து வீட்டு ஷோகேஸில் வைக்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி: மகளும் அவள் தோழிகளும் என்னையும் பெலுமுக்குக் கூப்பிடுகிறார்கள். வயது 58, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். உள்ளே மூச்சு முட்டுமா?
– ஒரு வாசகி, ஆவடி

பதில்: குழாய் வழியாக வெளிக்காற்றை உள்ளே அனுப்புகிறார்கள், விளக்கும் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் உள்ளே போகப்போகப் புழுக்கம் அதிகம். சில இடங்களில் குனிந்துதான் போக முடியும். முதலில் டாக்டரைக் கேளுங்கள் அம்மா. அவர் சரி என்றால் பருத்தி உடை, வழுக்காத ஷூ, தண்ணீர் பாட்டிலோடு போய் அகலமான கூடங்கள் வரை பாருங்கள். பாதாளகங்கைக்கு இறங்கும் வழியை விட்டுவிடலாம். லிஃப்ட்டில் நின்றாலே படபடக்கும் என்றால் போகவே வேண்டாம். மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: நீங்கள் திரும்பலாம் என்றால் கூட ஒருத்தியாவது திரும்ப வேண்டும். ஆளுக்கொரு டார்ச் அவசியம், செல்போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

கேள்வி: படிக்கட்டும் விளக்கும் இல்லாத நிஜக் குகையில் ஊர்ந்து போக ஆசை. நாங்களே ஒரு குழுவாகப் போகலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: நீங்களே போகக் கூடாது. 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களையும் பயிற்சியாளரையும் மழைவெள்ளம் அடைத்துவிட்டது. எல்லோரும் வெளியே வர ஜூலை 10 ஆனது, மீட்கப் போன முக்குளிப்பு வீரர் ஒருவர் இறந்தார். குகைக்குள் இருப்பவருக்கு வெளியே மழை பெய்வது தெரியாது.

ஆசை உண்மையானது என்றால் மேகாலயாவுக்குப் போங்கள். ஜயந்தியா மலையில் உள்ள கிரெம் லியாட் ப்ரா 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. மேகாலயா அட்வெஞ்சரர்ஸ் அசோசியேஷன் 1992 முதல் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு அங்குள்ள குகைகளை அளந்துவருகிறது. அனுபவமுள்ள உள்ளூர் வழிகாட்டியோடு, மழையில்லாத டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். தலைக்கவசமும் ஆளுக்கு மூன்று விளக்கும் வேண்டும். எப்போது திரும்புவோம் என்பதை வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டு நுழையுங்கள். அதற்கு முன்னால் பெலுமின் தாழ்வான வழிகளில் குனிந்து நடந்து பாருங்கள். அந்த இருட்டும் நெருக்கமும் உடம்புக்கு ஒத்துவந்தால் ஷில்லாங்குக்கு டிக்கெட் போடலாம்.