உடன்படிக்கையை மட்டும் நம்பி மனுப் போடாதீர்கள்

வணக்கம். உங்கள் தம்பியை வழக்கே பதியாமல் மூன்று நாள் காவல் நிலையத்தில் அடைத்து வைத்ததற்கு, ஐ.நா. உடன்படிக்கையைக் காட்டி இழப்பீடு கேட்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கும்போதே வயிறு எரிந்தது.

நேரடியாக முடியாது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. ஆனால், சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு உண்டு என்னும் 9(5) பிரிவு தன்னைக் கட்டுப்படுத்தாதபடி, நம் சட்டத்தில் அப்படியோர் உரிமை இல்லை என்று அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டது. உடன்படிக்கைக்கு ஏற்பச் சட்டத்தைத் திருத்துவதுதானே முறை? சட்டத்தைக் காட்டி உடன்படிக்கையைக் குறைப்பது என்ன நியாயம்?

அந்த ஓட்டையை அடைத்தது உச்ச நீதிமன்றம்தான். நிலபதி பெஹரா வழக்கில், ஒடிசாவில் போலீஸ் பிடித்துச் சென்ற 22 வயது இளைஞர் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அவருடைய தாய் நிலபதிக்கு 1,50,000 ரூபாய் தரச் சொன்ன 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அதே 9(5) பிரிவையும் எடுத்துக்காட்டியது.

ஆகவே அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு பறித்த உரிமைக்கு நேரடியாக நீதி கேட்கும் மனு) போடுங்கள். உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21ஆவது பிரிவும், கைதானவருக்குப் பாதுகாப்புத் தரும் 22ஆவது பிரிவுமே அடித்தளம்; 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். உடன்படிக்கை துணைக்கு நிற்கட்டும். மாநில மனித உரிமை ஆணையத்தை நாடுவதென்றால் ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த மூன்று நாள் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கக் கோரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு இன்றே விரைவுத் தபாலில் மனு அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.