உறைந்த நேவாவின் கரையில்

அன்புள்ள ஐயா,

என் மகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவம் படிக்கிறாள். ஜனவரி கடைசியில் அவளுக்கு விடுமுறை. வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறாள். உறவினர்களோ, “அந்த ஊருக்கு ஜூனில் போக வேண்டும். இந்தக் குளிரில் போய் அறைக்குள் அடைந்து கிடக்கவா?” என்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே போய்வந்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். போகலாமா?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

தயங்காமல் போங்கள். ஜூனில் அந்த ஊர் அழகுதான். பீட்டர்ஹாஃப் அரண்மனையின் நீரூற்றுகள் பொங்கும், நள்ளிரவில் பாலங்கள் திறக்கும். ஜனவரியில் அவை கிடையாது. கோடைப் பூங்காவின் பளிங்குச் சிலைகளைக்கூட முன்பெல்லாம் மரப்பெட்டிக்குள் மூடி வைப்பார்கள். ஆனால் நேவா ஆறு உறைந்து கிடக்கும். அதைப் பார்க்காமல் அந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் நினைக்கிறேன்.

பீட்டர் மன்னர் 1703-இல் தொடங்கிய நகரத்தில், நேவாவுக்கு முதல் நிரந்தரப் பாலம் வந்தது 1850-இல்தான். குளிர்காலத்தில் ஆறே சாலை. 1895 முதல் சில ஆண்டுகள், பனிக்கட்டியின்மேல் தண்டவாளம் போட்டு மின்சார டிராம் ஓட்டினார்கள்! படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. கரையில் நின்று, அந்த வெண்பரப்பு எதிர்க்கரைக் கோட்டைவரை அசையாமல் கிடப்பதைப் பார்த்தபோது வந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை அந்த ஊரைச் சுற்றி வளைத்த முற்றுகையைப் பற்றி உங்கள் மகள் சொல்லியிருப்பாள். 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாட்கள். முதல் குளிர்காலத்தில் வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாள் பங்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் பாதி மாவில்லை. சோல்யனோய் சந்தில் உள்ள முற்றுகை அருங்காட்சியகத்தில் அந்த அளவைக் காட்டுகிறார்கள். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, மூக்கு விறைக்கும் காற்றில் பத்து நிமிடம் நடந்தேன். நானோ வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன், உடம்பில் மூன்று அடுக்குக் கம்பளி. 125 கிராம் என்றால் என்னவென்று அந்தப் பத்து நிமிடத்தில்தான் உறைத்தது.

அதே குளிர்தான் லடோகா ஏரியை உறையவைத்து, அதன்மேல் உணவு லாரிகள் வர வழிவிட்டது. அந்தப் பாதைக்கு ‘வாழ்வின் சாலை’ என்று பெயர்.

ஈசாக் சதுக்கத்துக்கும் போங்கள். தாவர விஞ்ஞானி வவீலோவ் திரட்டிய விதைக் களஞ்சியம் அங்கே இருக்கிறது. முற்றுகையில் அதைக் காத்த விஞ்ஞானிகள் பலர் பசியால் இறந்தார்கள். நெல் பிரிவைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ் அவர்களில் ஒருவர். சுற்றிலும் பொட்டலம் பொட்டலமாக நெல் விதை இருக்க, ஒரு மணியைத் தொடாமல் உயிரை விட்டார். விதைநெல்லை உண்ணாதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கட்டடத்தின் முன்னால் நிற்பது சாதாரண விஷயமல்ல. நான் நெடுநேரம் நின்றேன்.

மற்றவை சுருக்கமாக. ஒன்பது மணி தாண்டித்தான் விடியும், மாலை ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடும். பருத்தி உள்ளாடை வேண்டாம், வியர்வையில் நனைந்தால் குளிரை இழுக்கும். காலணியைச் சற்றுப் பெரிதாக வாங்குங்கள், தடித்த காலுறைக்கு இடம் வேண்டும். கட்டடங்களுக்குள் நல்ல வெப்பம் இருக்கும், எந்த அருங்காட்சியகத்திலும் மேலங்கியை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நம் வங்கி அட்டைகளை நம்ப வேண்டாம், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 27 அன்று மகளோடு நேவ்ஸ்கி சாலை 14-ஆம் எண் கட்டடத்துக்குப் போங்கள். பீரங்கித் தாக்குதலின்போது தெருவின் இந்தப் பக்கம் மிக ஆபத்தானது என்று எழுதிய நீலப் பலகை சுவரில் இருக்கும். அதன் கீழே ஊரார் சிவப்புக் கார்னேஷன் மலர்களை வைப்பார்கள். நீங்களும் வையுங்கள். இறந்தவர்களுக்கு அங்கே இரட்டைப்படையில்தான் பூ வைப்பது வழக்கம். மகளுக்கு வாங்கும் பூ ஒற்றைப்படையில் இருக்கட்டும்.