அட்டையில் ஒரு பெயர், பொடி எழுத்தில் ஒரு பெயர்

வாசகர் கேள்வி–பதில்: பழைய அமெரிக்க காமிக்ஸ்

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய பங்களாவின் பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய அமெரிக்க காமிக்ஸ் கிடைத்தது. எல்லாம் 1940, 50-களில் வந்தவை. சில அட்டைகளில் ‘டிசி’ வட்டம் இருக்கிறது, சிலவற்றில் ‘ஆல்-அமெரிக்கன்’ முத்திரை. உள்ளே டிடெக்டிவ் காமிக்ஸ், நேஷனல் என்று வேறு வேறு கம்பெனிப் பெயர்கள். இவை எல்லாம் ஒரே முதலாளியுடையவையா? – பெருமாள்மலை வாசகி

பதில்: இதழ் எந்த ஆண்டு வந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரே குடும்பம்தான், ஆனால் சொத்தைப் பிரித்தும் சேர்த்தும் எழுதிக்கொண்டே இருந்த குடும்பம்.

முதலில் வந்தவர் மேஜர் மால்கம் வீலர்-நிக்கல்சன். நேஷனல் அலைடு என்ற கம்பெனியைத் தொடங்கி, 1935 பிப்ரவரி தேதியிட்ட ‘நியூ ஃபன்’ இதழைக் கொண்டுவந்தார். அதுவரை வந்த காமிக்ஸ் புத்தகங்கள் பெரும்பாலும் செய்தித்தாளில் வந்த தொடர்களைத் திரும்ப அச்சடித்தவை. இவர் புதிதாக எழுதி வரைந்தவற்றைப் போட்டார். யோசனை நல்லது, கையில்தான் காசில்லை. கடைகளுக்கு இதழை அனுப்பிய விநியோகஸ்தர் ஹாரி டோனன்ஃபெல்டுக்குக் கடன் ஏறிக்கொண்டே போனது. அடுத்த இதழை வெளியிடப் பணம் வேண்டுமானால் டோனன்ஃபெல்டின் கணக்குப்பிள்ளையான ஜாக் லீபோவிட்ஸைக் கூட்டாளியாகச் சேர்த்துப் புதுக் கம்பெனி தொடங்க வேண்டும் என்ற நிலை வந்தது. அப்படிப் பிறந்ததுதான் டிடெக்டிவ் காமிக்ஸ், சுருக்கமாக ‘டிசி’. அதன் முதல் இதழ் 1937 மார்ச் தேதியிட்டது. மறு ஆண்டே நேஷனல் அலைடு திவாலானது. மேஜர் வெளியே போனார், இதழ்கள் கடன் கொடுத்தவர் கைக்குப் போயின. சூப்பர்மேன் முதலில் வந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ அதே 1938-ல்தான் வெளிவந்தது. இடத்தை உழுதவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர்.

ஆல்-அமெரிக்கன் தனிக் கம்பெனி. மேக்ஸ் கெய்ன்ஸ் என்பவர் டோனன்ஃபெல்ட் பக்கத்துப் பணத்தோடும் லீபோவிட்ஸின் கூட்டோடும் தொடங்கியது. ஃப்ளாஷ், கிரீன் லேன்டர்ன், வொண்டர் உமன் மூவரும் இங்கே பிறந்தவர்கள். விநியோகம் ஒன்று என்பதால் அட்டையில் டிசி வட்டத்தையே போட்டுக்கொண்டார்கள், விளம்பரமும் பொதுவாக இருந்தது. 1945-ல் உறவு கசந்து சில மாதங்கள் ‘ஆல்-அமெரிக்கன்’ முத்திரை தனியாக வந்தது. உங்கள் பெட்டியில் அந்த முத்திரையோடு இருப்பவை அந்த மாதங்களின் இதழ்கள். ‘ஆல் ஸ்டார்’ இதழைப் புரட்டினால் இந்தக் கசப்பு கதைக்குள்ளேயே தெரியும். டிசி பக்கத்துச் சொத்தான ஸ்டார்மேனும் ஸ்பெக்டரும் வீரர்கள் கூட்டத்திலிருந்து திடீரென்று காணாமல் போய்விடுவார்கள். கதையில் காரணம் தேடினால் கிடைக்காது, கணக்குப் புத்தகத்தில்தான் கிடைக்கும். பிறகு கெய்ன்ஸ் தன் பங்கை விற்றுவிட்டார். 1946-ல் எல்லாம் நேஷனல் காமிக்ஸ் பப்ளிகேஷன்ஸ் என்ற ஒரே பெயருக்குள் வந்தன. 1961-ல் அது நேஷனல் பீரியாடிகல் ஆனது. மக்கள் வாயில் எப்போதோ ஏறிவிட்ட ‘டிசி காமிக்ஸ்’ சட்டப்படி கம்பெனிப் பெயரானது 1977-ல்தான்.

கேள்வி: ஒரு இதழ் யாருடையது, எப்போது வந்தது என்று நிச்சயமாகக் கண்டுபிடிப்பது எப்படி? – செண்பகனூர் வாசகர்

பதில்: அட்டையை மூடிவைத்துவிட்டு உள்ளே போங்கள். முன்னட்டையின் உட்புறத்திலோ முதல் பக்கத்தின் அடியிலோ எறும்பு ஊர்ந்ததுபோலப் பொடி எழுத்தில் நாலைந்து வரி இருக்கும். இதழின் சட்டப்படியான பெயர், எண், மாதம், வெளியிடும் கம்பெனி, முகவரி, காப்புரிமை ஆண்டு எல்லாம் அங்கேதான். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மங்கலான மஞ்சள் தாளில் 3-ஐயும் 8-ஐயும் குழப்பிக்கொள்வது எல்லோருக்கும் நேர்வதுதான்.

இரண்டு இடத்தில் வழுக்கும். அட்டையில் உள்ள மாதம் விற்பனைக்கு வந்த மாதமல்ல. கடைக்காரர் தட்டிலிருந்து எடுத்துவிட வேண்டிய காலத்தை ஒட்டிப் போட்டது. ‘ஆக்‌ஷன்’ முதல் இதழில் ஜூன் என்றிருக்கும், கடைக்கு வந்தது ஏப்ரலில். முதலில் வந்தது எது என்று இரண்டு இதழ்களை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. அடுத்தது, முகவரி. நான்கு கம்பெனிகள் ஒரே கட்டடத்தின் ஒரே அறை எண்ணைக் கொடுத்திருந்தால் அவற்றின் முதலாளி ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைவிட உறுதியான சான்று ஒன்று உண்டு. சலுகைத் தபால் கட்டணம் பெற்ற பத்திரிகைகள் ஆண்டுக்கு ஒருமுறை உரிமையாளர் அறிக்கையை அச்சிட வேண்டும் என்று, பின்னர் திருத்தப்பட்ட 1912-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பதிப்பாளர், ஆசிரியர், 1 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர் பெயர்கள் எல்லாம் அதில் வரும். குளிர்கால இதழ்களில் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். 1960-லிருந்து விற்பனை எண்ணிக்கையும் அதில் சேர்ந்தது.

கேள்வி: ‘வியர்டு சயின்ஸ்’ இதழ் 12 என்று இரண்டு வைத்திருக்கிறேன். அட்டையும் கதையும் வேறு. ஒன்று போலியா? – பண்ணைக்காடு வாசகர்

பதில்: இரண்டும் அசல். ஒன்று 1950, மற்றது 1952.

மேலே சொன்ன கெய்ன்ஸ் டிசியை விட்டு வந்தபின் தொடங்கியது இசி கம்பெனி. 1947-ல் படகு விபத்தில் அவர் இறந்ததும் மகன் வில்லியம் கெய்ன்ஸ் பொறுப்பேற்றார். அன்று ஒவ்வொரு புதுத் தலைப்புக்கும் தபால் சலுகை அனுமதியைக் கட்டணம் கட்டிப் புதிதாக வாங்க வேண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்த, ஓடாத இதழின் பெயரை மட்டும் மாற்றி எண்ணைத் தொடர்வார்கள். இசியில் ‘சாடில் ரொமான்சஸ்’ என்ற கௌபாய் காதல் இதழ் 11-ஆம் எண்ணோடு நின்றது. 12-ஆம் எண் ‘வியர்டு சயின்ஸ்’ என்ற விஞ்ஞானக் கதை இதழாக வந்தது! 15 வரை அப்படியே ஓட்டினார்கள். தபால் துறை ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு இதழ் ஆகிவிட்டதால் அடுத்ததற்கு 5 என்று எண்ணிட்டார்கள். அந்த எண்ணிக்கை வளர்ந்து 1952-ல் மறுபடியும் 12-ஐத் தொட்டது. 12 முதல் 15 வரை வாங்கும்போது ஆண்டைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்தக் கால காமிக்ஸில் படமே இல்லாத இரண்டு பக்கக் கதை ஒன்று சொருகியிருப்பதும் இதே தபால் விதிக்காகத்தான். பத்திரிகை என்று ஏற்க வாசிக்கும் பகுதி கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

கேள்வி: எங்களிடம் உள்ள சில இதழ்களின் அட்டை மேல்பகுதி நேராக வெட்டியிருக்கிறது. எலி கடித்ததுபோல இல்லை. – கொடைக்கானல் வாசகர்

பதில்: வெட்டியது கடைக்காரர் அல்லது மொத்த வியாபாரி. விற்காத இதழை முழுதாகத் திருப்பி அனுப்பினால் வண்டிச் சத்தம் கட்டுப்படியாகாது. அட்டையின் மேல்பகுதியை, அதாவது பெயரும் மாதமும் உள்ள துண்டை மட்டும் அனுப்பினால் பணம் வரவாகிவிடும். மிச்சத்தை அழித்துவிட வேண்டும். அழிக்காமல் மலிவு விலைக்குத் தள்ளியவைதான் இப்படி மிஞ்சுகின்றன. சேகரிப்பாளர் கண்ணில் விலை வெகுவாகக் குறையும். படிக்க ஒரு குறையும் இல்லை. புது அட்டை நகலெடுத்து ஒட்டிவிடாதீர்கள், அது இருப்பதையும் கெடுக்கும்.

கேள்வி: மார்வெல் கம்பெனி 1939-லேயே இருந்தது என்கிறார்கள், 1961-ல் தொடங்கியது என்றும் சொல்கிறார்கள். எது சரி? – தாண்டிக்குடி வாசகர்

பதில்: முதலாளி ஒருவரே, மார்ட்டின் குட்மேன். 1939 அக்டோபர் தேதியிட்ட ‘மார்வெல் காமிக்ஸ்’ அவருடையதுதான், ஆனால் அப்போது அது வெறும் இதழின் பெயர். கம்பெனியை டைம்லி என்று அழைத்தார்கள். மார்வெல் என்ற பெயர் கம்பெனிக்கு ஒட்டியது 1961-லிருந்துதான். அந்த முதல் இதழின் கதைகளையும் அவருடைய ஆட்கள் செய்யவில்லை, ஃபன்னீஸ் என்ற ஒப்பந்தக் கூடம் செய்து கொடுத்தது.

குட்மேன் ஒரே கம்பெனியில் எல்லாவற்றையும் வைத்தவரல்ல. சின்னச் சின்னக் கம்பெனிகளாகப் பதிவு செய்து இதழ்களைப் பிரித்துப் போட்டார். 1960-களில்கூட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழின் பொடி எழுத்தில் கேனம், ஸ்பைடர்மேனில் நான்-பேரல், ‘அவெஞ்சர்ஸ்’ இதழில் விஸ்டா என்றுதான் இருக்கும். ஒன்று வழக்கிலோ கடனிலோ சிக்கினாலும் மற்றவை தப்பும் என்பது இந்த ஏற்பாட்டின் வசதி. இந்தப் பெயர்களைத் தனித்தனிப் பதிப்பாளர்கள் என்று பட்டியலிடுவது புதிதாகச் சேகரிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

1950-களில் அவரே அட்லஸ் என்ற விநியோகக் கம்பெனி வைத்திருந்தார். அதை மூடிவிட்டு அமெரிக்கன் நியூஸ் என்ற பெரிய விநியோகஸ்தரிடம் போனார். 1957-ல் அவர்கள் விநியோகத்தைக் கைவிட்டார்கள். இதழ் அச்சாகிறது, கடைக்குக் கொண்டுபோக ஆளில்லை. கடைசியில் கதவைத் திறந்தது இண்டிபென்டென்ட் நியூஸ். அது யாருடையது? டிசி முதலாளிகளுடையது! போட்டிக்காரர் லாரியில் சரக்கு ஏற்றியாக வேண்டிய நிலை. மாதம் எட்டு இதழ்தான் என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். பதினாறு தலைப்புகளை இரு மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி விட்டார் குட்மேன். ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ போன்ற இதழ்களில் இரண்டு வீரர்கள் பாதிப் பாதிப் பக்கம் பங்கு போட்டுக்கொண்டதற்குக் காரணம் இந்த இட நெருக்கடி. எழுத்தாளர் திறமை, ஓவியர் திறமை என்று எவ்வளவோ பேசுகிறோம். கடைக்குப் போகும் வழி யார் கையில் இருந்தது என்று பார்க்காமல் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே எங்கள் கருத்து. 1968-ல் குட்மேன் விநியோக ஒப்பந்தத்தைத் திருத்திக்கொண்ட பிறகுதான் இந்தக் கட்டு அவிழ்ந்தது. அதே ஆண்டுக் கடைசியில் கம்பெனியையும் விற்றுவிட்டார்.

கேள்வி: கேப்டன் மார்வெல் பெயரில் இரண்டு கம்பெனி வீரர்கள் ஏன்? – பூம்பாறை வாசகர்

பதில்: முதலாமவர், ஃபாசெட் கம்பெனியில் 1940-ல் வந்தவர். சூப்பர்மேனைக் காப்பியடித்தது என்று டிசி தரப்பு 1941-ல் வழக்குப் போட்டது. விசாரணைக்கு வந்ததோ 1948-ல். செய்தித்தாள் தொடரில் காப்புரிமைக் குறிப்பைச் சரியாகப் போடாததால் உரிமை போய்விட்டது என்று கீழ்க்கோர்ட்டில் ஃபாசெட் தப்பித்தது. 1951-ல் மேல்முறையீட்டில் நீதிபதி லேர்ன்ட் ஹேண்ட் அதை மாற்றினார். அதற்குள் காமிக்ஸ் விற்பனையும் சரிந்திருந்தது. 1953-ல் ஃபாசெட் 4 லட்சம் டாலர் கொடுத்து வீரரை நிறுத்திவிட்டது. பெயர் அனாதையாகக் கிடந்த இடைவெளியில், 1967-ல் மார்வெல் தன் சொந்த கேப்டன் மார்வெலைக் கொண்டுவந்து வணிகக்குறியைப் பிடித்துக்கொண்டது. பழையவரை 1972-ல் டிசியே உரிமம் வாங்கிக் கூட்டிவந்தபோது இதழுக்கு அவர் பெயரை வைக்க முடியவில்லை. அதனால் ‘ஷசாம்’ என்று தலைப்பிட்டார்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் புத்தகங்களைக் காப்பாற்றுவது எப்படி? – நாயுடுபுரம் வாசகி

பதில்: மலிவான செய்தித்தாள் காகிதம், உள்ளேயே அமிலம் இருக்கிறது. வெயிலில் காய வைத்தால் அப்பளமாக நொறுங்கும். கணப்பு பக்கத்திலும் வைக்காதீர்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே ஒரு ஈரப்பதமானி வாங்கிப் பீரோவுக்குள் வையுங்கள். பீரோ வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது, ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஒவ்வொரு இதழையும் மைலார் என்ற பாலியெஸ்டர் உறையில், அமிலமில்லாத அட்டை ஒன்றைப் பின்னால் வைத்துப் போடுங்கள். கடைத்தெரு மலிவு பிளாஸ்டிக் உறை நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சூடாக்கி உலர்த்துங்கள்.

பூஞ்சை வந்த இதழை முதலில் தனியே பிரித்து, காற்றோட்டமான இடத்தில் உலர வைத்து, பிறகு வெளியில் வைத்து மென்மையான பிரஷால் தட்டுங்கள். முகக்கவசம் அவசியம். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பூஞ்சை தாளுக்குள் இறங்கிவிடும். துருப்பிடித்த பின்னைப் பிடுங்கவே கூடாது. நடுப்பக்கத்தைத் திறந்து அதன் இரு கால்களை மழுங்கிய தகட்டால் நிமிர்த்தி, பின்பக்கமாக நகர்த்தி எடுங்கள். செல்லோடேப் வேண்டாம். நம் மலையில் பூச்சிக்குப் பயந்து பஞ்சில் யூகலிப்டஸ் தைலம் தோய்த்துப் பீரோவில் வைக்கும் பழக்கம் உண்டு. தாளில் ஒரு சொட்டுப் பட்டாலும் எண்ணெய்க்கறை போகாது, அதையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: லயன் காமிக்ஸில் நாம் படித்த கூர்மண்டை ஸ்பைடருக்கும் இந்த அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் சம்பந்தம் உண்டா? – வத்தலக்குண்டு வாசகர்

பதில்: கம்பெனி வழியில் இல்லை. அவர் பிரிட்டனின் ஃப்ளீட்வே வார இதழில் 1965-ல் பிறந்தவர், இரும்புக்கை மாயாவியும் அதே வீட்டுக்காரர். ஆனால் ஆள் வழியில் உண்டு. ஸ்பைடரின் மூன்றாவது கதையிலிருந்து எழுதியவர் ஜெர்ரி சீகல், ஓவியர் ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர். பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 13 பக்கக் கதைக்கு 130 டாலர் வாங்கிக்கொண்டு 1938 மார்ச்சில் உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்தார்கள். 1947-ல் கோர்ட்டுக்குப் போய் மறு ஆண்டு சமரசமானார்கள். சூப்பர்மேன் கதைகளில் இருந்த அவர்கள் பெயரும் நீங்கியது. 1975 கடைசியில்தான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், பெயரைத் திரும்ப அச்சிடும் உறுதியும் கிடைத்தன. இடைப்பட்ட நாளில்தான் அவர் ஸ்பைடரை எழுதினார். அந்த பிரிட்டிஷ் வார இதழில் எழுதுபவர் பெயரைப் போடும் வழக்கம் இல்லாததால் அங்கேயும் அவர் பெயர் வரவில்லை.